குறும்பா, கொடுமையா?

ஆங்கிலத்தில் 'மிஸ்சிவஸ்' என்றோர் அடைமொழி உண்டு. 'குறும்பான' என்று அதற்குப் பொருள் சொல்லி அப்பாற் செல்வதே நம் வகுப்பறைகளின் வழக்கம். தோழனின் பேனாவை ஒளித்துவைக்கும் சிறுவனுக்கு அப்பொருள் போதும். மில்ரனுக்குப் போதாது என்பதே என் கட்சி.

'இழந்த சொர்க்கம்' (1667) என்னும் காவியத்தின் இரண்டாம் பாகம் முடியுமிடத்தைப் பாருங்கள். நரகத்தினின்றும் புறப்பட்ட சாத்தான், புதிதாய்ப் படைக்கப்பட்ட உலகை நோக்கி விரைகிறான். அவன் நெஞ்சிற் சுமந்து செல்லும் பழியுணர்ச்சிக்கு மில்ரன் சூட்டிய அடைமொழி இதுவே. மனித குலம் முழுவதையும் வீழ்த்த வருகிறவன் 'குறும்பான பழியுணர்ச்சியோடு' வந்தான் என்று ஒரு மாணவன் எழுதினால், அவன்மீது என்ன குற்றம்? அவன் அறிந்த பொருள் அது ஒன்றுதானே!

சொல்லின் பிறப்பை நோக்கினால் மில்ரனின் கருத்து விளங்கும். பழைய பிரெஞ்சு மொழியில் இதன் முற்பாதி கேட்டைக் குறிப்பது. பிற்பாதி தலையை, அதாவது முடிவைக் குறிப்பது. கேடாய் முடிதல் என்பதே அடிக்கருத்து. சாதித்தலைக் குறிக்கும் 'அச்சீவ்' என்ற சொல்லும் அதே தலையிற் பிறந்ததுதான். தமிழிலும் ஒரு கருமத்தைச் செய்து முடிப்பதைத் 'தலைக்கட்டுதல்' என்கிறோமல்லவா? ஆங்கிலத்துக்கு வந்த புதிதில் இச்சொல் இடரையும் அழிவையுமே குறித்தது. விளையாட்டுத்தனம் என்ற பொருள் பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் வந்து ஒட்டிக்கொண்டது. (உச்சரிப்பு மூன்றசைதான். 'மிஸ்சீவியஸ்' என்று நான்காக நீட்டுவோர் இங்கிலாந்திலும் உளர்; அவர்களைத் திருத்த நான் புறப்படவில்லை.)

சட்டம் பழம்பொருளை இன்றும் கைவிடவில்லை. 1584 இல் ஹெய்டன் வழக்கைத் தீர்த்த நீதிபதிகள், ஒரு சட்டத்துக்குப் பொருள்கொள்ளுமுன் அது எந்த 'மிஸ்சிவ்'வை நீக்க எழுந்தது என்று வினவுமாறு விதித்தனர். 1883 ஆம் ஆண்டின் நம் தண்டனைச் சட்டக்கோவையிலும் பிறர் உடைமைக்கு வேண்டுமென்றே நட்டம் விளைப்பதற்கு அதுவே பெயர். 1860 ஆம் ஆண்டின் இந்தியச் சட்டக்கோவை காட்டிய உதாரணங்களுள் ஒன்று, அயலான் பயிரை அழிக்கும் எண்ணத்தோடு அவன் வயலில் மாட்டை விடுதல். பயிரை இழந்தவனிடம் போய் இது குறும்பு என்று சொல்லிப் பாருங்கள்!

'நோட்டி' என்ற சொல்லின் கதையும் இத்தகையதே. 'லியர் மன்னன்' நாடகத்தில், கதிரையிற் கட்டுண்டிருக்கும் முதியவர் குளொஸ்ரர், தம் தாடி மயிரைப் பிடுங்கும் றீகனை அச்சொல்லால் ஏசுகிறார். சற்று நேரத்தில் அவர் கண்கள் பறிக்கப்படப் போகின்றன. அவ்விடத்தில் 'குறும்புக்காரி' என்று மொழிபெயர்த்தால் சபை சிரிக்கும், நாடகம் செத்துவிடும்.

வியப்பு என்னவெனில், நம் 'குறும்பு'ம் முன்னொரு காலத்தில் இத்துணைச் சாதுவானதன்று. நாட்டின் இலக்கணம் கூறும் வள்ளுவர், வேந்தனை அலைக்கும் கொலைத்தொழிற் குறும்பு இல்லாதிருத்தலையும் அதனுட் சேர்க்கிறார் (குறள் 735). அங்கே குறும்பு என்பது அரசனுக்கு அடங்காத குறுநிலத் தலைவரின் கூட்டம். அக்கொலைஞரின் பெயர்தான் இன்று தொட்டிற் பிள்ளைக்குச் செல்லப்பெயராயிற்று. இரு மொழிகளிலும் வாள் மழுங்கி விளையாட்டுப் பொருளாகிவிட்டது. ஆனால் ஆங்கிலச் சொல்லில் ஒரு பக்கம் இன்னும் கூராக இருக்கிறது. நம் சொல்லில் அக்கூர் இல்லை. ஆகவே இரண்டும் நிகரல்ல.

பின் எச்சொல்லை ஆள்வது? நம் நாட்டு வழக்கிலுள்ள 'குழப்படி' பிள்ளைகளுக்கு அழகாகப் பொருந்தும், சாத்தானுக்கு உதவாது. 'விஷமம்' இரு பொருளையும் தாங்கவல்லது. கண்ணனை விஷமக்காரன் என்று கொஞ்சுகிறோம். பகை மூட்டும் பேச்சை விஷமப் பிரசாரம் என்று கண்டிக்கிறோம். சமமின்மையைக் குறிக்கும் வடசொல் அது. நஞ்சாகிய விஷம் வேறு. எனினும் நம் செவியில் நஞ்சின் வாடையும் வீசுவது இங்கே நன்மையே. வகுப்பறையில் நான் இதனையே விரும்புவேன்.

இதிற் பத்திரிகைக்காரருக்கும் ஒரு பங்குண்டு. ஒரு சமூகத்தார்மீது வதந்தி பரப்பியவரின் செயலை ஆங்கில அறிக்கை இவ்வடைமொழியாற் குறித்தால், அதனைக் 'குறும்புத்தனம்' என்று பெயர்ப்பது குற்றத்தைப் பாதியாகக் குறைத்துக் காட்டுவதாகும். வதந்தியால் வீடிழந்தவன் அந்தச் செய்தியைத் தமிழிலேதான் படிக்கிறான்.

மறுதலையாக, ஆண்டாளை ஆங்கிலப்படுத்துவோருக்கும் இச்சொல்லிலே வேலை உண்டு. நாச்சியார் திருமொழியில் மணல்வீட்டைச் சிதைக்க வரும் கண்ணன் செய்வதைச் சிறுமியர் 'தீமை' என்றே சொல்லுகின்றனர். அதனைப் பாவம் என்ற பொருள்படும் கனத்த ஆங்கிலச் சொல்லால் பெயர்த்தால், ஆயர்பாடிச் சிறுவன் சாத்தானாகிவிடுவான். அங்கே வேண்டுவது 'மிஸ்சிவ்'தான்.