வேகம் மட்டும்தான் வித்தையா?

2019-ல நம்ம சென்னைப் பையன் லிடியன் நாதஸ்வரம், 13 வயசுல, ரிம்ஸ்கி-கோர்சகோவோட 'வண்டு பறக்குற' இசையை நிமிஷத்துக்கு 325 பீட் வேகத்துல பியானோவுல வாசிச்சு, அமெரிக்க டிவி போட்டியில 10 லட்சம் டாலர் ஜெயிச்சாரு. நீலசந்திராவுல எங்க வீட்டுலயும் கைதட்டினோம். அதுல தப்பே இல்லைங்க.

தப்பு அதுக்கப்புறம்தான். ஊரை விட்டு வந்த நாமெல்லாம் கீபோர்டு வாங்கிக் கொடுத்து, பிள்ளைங்களை "இன்னும் வேகமா"ன்னு விரட்ட ஆரம்பிச்சோம். நானும்தான். எங்க பேங்க்ல நோட்டு எண்ணுற மெஷின்கூடத்தான் வேகமா எண்ணுது. அதைக் கச்சேரின்னா சொல்றோம்?

1986-ல ஹொரோவிட்ஸ், 82 வயசுல, 61 வருஷம் கழிச்சு ரஷ்யா திரும்பி மாஸ்கோவுல வாசிச்சாரு. மின்னல் வேகத்துக்குப் பேர்போன மனுஷன். ஆனா அன்னிக்கு அரங்கத்துல கண்ணீர் வரவழைச்சது ஷூமனோட 'ட்ராய்மெராய்'. குழந்தைப் பருவ நினைவு பத்தின, மெதுவான, சின்ன இசை. ஊரை விட்டு வந்த நமக்கு இது புரியலைன்னா வேற யாருக்குப் புரியும்?

போன வாரம் என் பொண்ணு கேட்டா: "மெதுவா வாசிச்சா உங்களுக்குப் பிடிக்காதாப்பா?" எனக்குப் பேச்சே வரலை.

எங்க வீட்டுல இனிமே "வேகமா" கிடையாது. நீங்களும் நிறுத்துங்க சாமி!