இளங்கால்களுக்கு எவ்வளவு பாரம்?

இடுப்பில் கயிற்றைக் கட்டி, மறுமுனையில் பழைய டயர் ஒன்றைப் பிணைத்து, மைதானத்தின் இக்கோடியிலிருந்து அக்கோடிவரை பிள்ளைகளை இழுத்தோடச் செய்யும் அப்பியாசம் நம் பள்ளிக்கூடங்களில் வெகுகாலமாக வழங்கி வருகிறது. பாரமேற்றி இழுக்கும் ஸ்லெட்டும் காற்றைத் தடுக்கும் பாராசூட்டும் வாங்க வசதியற்ற உடற்கல்வி ஆசிரியர்கள், கைக்குக் கிடைத்ததைக் கொண்டு கண்ட யுக்தி அது. அதனைக் குறைவாக மதிக்க யாம் துணியோம். ஆயினும், அந்த டயரின் எடை என்ன, அதை இழுத்தபோது பிள்ளையின் வேகம் எவ்வளவு குறைந்தது என்னும் இரு வினாக்களுக்கும் திட்டமான விடை கிடைப்பது அரிதாகவே இருக்கிறது. பாரம் இருக்கிறது, அளவு இல்லை. இக்குறையைப் பற்றியே இவ்விதழில் நண்பர்களுடன் பேச விரும்புகிறோம்.

குறுந்தூர ஓட்டம் ஆதி முதல் அந்தம்வரை ஒரே தன்மையான காரியமன்று. புறப்பட்டவுடன் வைக்கும் அடிகளில் உடல் முன்சாய்ந்திருக்க, பாதம் தரையைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டு விநாடியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நேரம் அங்கே தங்குகிறது. உச்ச வேகம் கைகூடி உடல் நிமிர்ந்த பிறகோ, அந்தத் தங்கல் தேர்ந்த வீரர்களுக்குப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. பின்னின்று இழுக்கும் பாரம் சாய்வை நீடிக்கச் செய்து, தள்ளும் தசைகளுக்கு வேலை கொடுப்பதால் முதற்பகுதிக்கு உதவுகிறது; அதே பாரம் அடியின் நீளத்தைக் குறைத்துப் பாதத்தைத் தரையில் கூடுதலாக நிறுத்துவதால் இரண்டாம் பகுதிக்கு ஊறு செய்கிறது. ஆகவே இவ்வாறு பாரம் இழுத்தோடும் எதிர்விசைப் பயிற்சி முதல் இருபது மீட்டருக்கு உரியது. மைதானம் முழுதும் டயரை இழுத்துவரும் பிள்ளை களைப்புக்குப் பழகுகிறானேயன்றி வேகத்திற்குப் பழகுவதில்லை.

இயற்கை தரும் எதிர்விசையைப் பேசும்போது பய்யோலிக் கடற்கரையை நினையாதிருக்க முடியாது. ஓ. எம். நம்பியார் தம் மாணவி பி. டி. உஷாவை அந்த மணலில் ஓடவிட்டுப் பயிற்றிய வரலாறு நாடறிந்தது. 1984ஆம் வருஷம் லாஸ் ஏஞ்சலிஸில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் 55.42 விநாடியில் வந்த உஷா, ருமேனிய வீராங்கனை கொஜொகாருவிடம் விநாடியில் நூற்றில் ஒரு பங்கு வித்தியாசத்தில் வெண்கலத்தை இழந்ததும், மறு வருஷமே ஜாகர்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் ஐந்து தங்கம் வென்றதும் நம் தலைமுறைக்கு மறவாத சங்கதிகள். அவ்வெற்றியை மணலுக்கே உரியதாக்கி, எங்கு மணல் கண்டாலும் பிள்ளைகளை அதில் இறக்கிவிடும் மனோபாவந்தான் எமக்குக் கவலை தருகிறது. நாள்தோறும் மாணவியின் அடியையும் மூச்சையும் கவனித்து நின்ற பயிற்சியாளரின் கண் அங்கே இருந்தது. அந்தக் கண்ணை மணலோடு சேர்த்து எடுத்துக்கொள்ளாதவர்களுக்கு மணல் மட்டும் என்ன செய்யும்?

வாலாஜாபாத்தையே எடுத்துக்கொள்வோம். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளும், ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குச் செல்வோரின் பிள்ளைகளும் சேர்ந்து படிக்கும் இவ்வூர்க்காரருக்குப் பாலாற்று மணல் செலவில்லாமல் கிடைப்பது. நீரின்றிக் கிடக்கும் மாதங்களில் அந்த மணல் கால் வைத்தவுடன் நெகிழ்ந்து, தள்ளிய விசையில் பெரும்பகுதியைத் தானே விழுங்கிவிடும். குதிகால் புதைவதால் கெண்டைக்கால் தசையும் அதன் தசைநாணும் வழக்கத்திற்கு மேல் இழுபடும். மணல் அள்ளிய பள்ளங்களும் கண்ணாடித் துண்டுகளும் இல்லாத இடம் பார்த்து, ஈரம் தங்கி இறுகிய தரையில், பத்துப் பதினைந்து மீட்டர் மட்டும் ஓடவிடுவது நலம். மணலைத் தராசில் நிறுக்க முடியாது. அதற்கு விநாடிக் கடிகாரம் ஒன்றே அளவுகோல்.

நெடுங்காலமாகப் பயிற்சியாளர் கடைப்பிடித்து வரும் நியதி எளியது: பாரத்தோடு ஓடும்போது வேகம் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையலாகாது. பாரமின்றி 20 மீட்டரை 3.6 விநாடியில் ஓடும் சிறுமி பாரத்தோடு 4.0 விநாடிக்குள் வந்தால் பாரம் பொருத்தமானது. அதைக் கடந்தால் மிகை. எடையை மட்டும் நம்புவது ஏன் தவறென்றால், இழுபடும் பொருள் தரும் தடை அதன் எடையை மட்டுமன்றித் தரையின் உராய்வையும் பொறுத்தது. காய்ந்த மண்ணில் இலேசாக வரும் அதே டயர் புல்லில் வேறாகவும் செயற்கை ஓடுதளத்தில் வேறாகவும் கனக்கும். கையால் கடிகாரம் அமுக்குவதில் விநாடியின் பத்தில் ஒன்றிரண்டு பங்கு பிழை நேர்வது சகஜமாதலால், ஒருவரே கடிகாரம் பிடித்து, மூன்று ஓட்டங்களின் சராசரியை எடுப்பது அவசியம். சராசரி நியதியை மீறினால் டயரை அவிழ்த்துவிட்டுச் சிறிய ஒன்றைக் கட்டவேண்டும்; ஸ்கூட்டர் டயரே பல பிள்ளைகளுக்குப் போதும்.

இனி வயதைப் பற்றி, இன்னும் சரியாகச் சொன்னால் வளர்ச்சியைப் பற்றி. 14 வயதுக்குட்பட்டோர் பிரிவில் அருகருகே நிற்கும் இரு சிறுவருள் ஒருவன் இளைஞனாகவும் மற்றவன் குழந்தையாகவும் இருப்பதைக் காணாத ஆசிரியர் இல்லை. உயரம் மிக வேகமாக ஏறும் கட்டம் பெண்களுக்குப் பன்னிரண்டு வயதையும் ஆண்களுக்குப் பதினான்கையும் ஒட்டி வருவது பொதுவிதி; தனிப்பட்ட வித்தியாசமோ மிகப் பெரிது. நியூஸிலாந்தில் ரம்ப் என்பவரும் சகாக்களும் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாத பாரத்தைக் கொண்டு ஆறு வாரம் சிறுவர்களுக்குப் பயிற்சியளித்து 2015இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அக்கட்டத்தை எட்டாதவர்களுக்கு ஓட்டத்தில் பலன் காணவில்லை. எட்டியவர்களும் கடந்தவர்களும் தெளிவாக முன்னேறினர். அக்கட்டத்தை எட்டாத சிறுவருக்கு விளையாட்டோட்டமும் தாவலும் துரத்திப் பிடித்தலும் போதும் என்பதே எம் துணிபு. வேகமாக வளரும் கட்டத்திலோ முழங்காலின் கீழும் குதிகாலிலும் உள்ள எலும்பு வளரும் இடங்கள் இழுவிசைக்கு எளிதில் நோகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை உயரத்தை அளந்து, 2 செ.மீ. அல்லது அதற்கு மேல் ஏறியிருந்தால் பாரத்தைக் குறைப்பதும், அவ்விடங்களில் வலி என்று பிள்ளை சொன்னால் அன்றே நிறுத்துவதும் ஆசிரியரின் கடமை.

கணுக்காலில் எடைப்பட்டை கட்டி முழு வேகத்தில் ஓடவிடும் வழக்கத்தை நாம் கைவிடவேண்டும். இடுப்பு மூட்டிலிருந்து இருமடங்கு தூரத்தில் வைத்த எடை, கால் வீசுவதற்கு நான்கு மடங்கு தடை தரும் என்பது பௌதிக சாஸ்திரத்தின் விதி. ஆதலால் கைக்கு இலேசாகத் தோன்றும் பட்டை காலின் வீச்சையே மாற்றிவிடக் கூடும்.

இலேசான பாரமே போதும் என்னும் கொள்கைக்கு மறுப்பு இல்லாமலில்லை. 2017இல் மோரின் என்பவரும் சகாக்களும், உடல் எடையில் நூற்றுக்கு எண்பது பங்கு கனமுள்ள ஸ்லெட்டை வளர்ந்த கால்பந்து வீரர்களை இழுக்கச் செய்து, முன்தள்ளும் விசை பெருகியதைக் காட்டினர். அம்முடிவை யாம் மதிக்கிறோம். ஆனால் முதிர்ந்த எலும்பும், கருவி கொண்டு அளக்கும் ஆய்வாளரும் அங்கே இருந்தனர். வகுப்பு முழுவதையும் ஒருவரே மேய்க்கும் நம் மைதானத்தில், பாரம் மிகுவதால் வரும் கேட்டைக் கண்டுகொள்ளும் வசதி நமக்கில்லை. அவ்வசதி வரும்வரை இலேசான பாரத்தோடு நிற்பதே விவேகம்.

குறுவட்டப் போட்டிகளுக்கு ஆயத்தம் செய்யும் நண்பர்கள், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, உயரம், எடை, பாரமற்ற ஓட்டநேரம், பாரத்தோடு ஓடிய நேரம், தரையின் தன்மை ஆகியவற்றை வாரந்தோறும் குறித்து வருமாறு வேண்டுகிறோம். பருவம் முடிந்தபின், பெயர்களை நீக்கி அக்குறிப்புகளை எமக்கு அனுப்பினால், நம் தரைக்கும் நம் பிள்ளைகளுக்கும் பொருந்தும் அளவுகளை அடுத்த ஆண்டு இதழில் வெளியிடுவோம்.