501-வது யூனிட்தான் உங்க காசைத் தின்னுது!

"லைட்டை அணை"ன்னு வீட்ல தினமும் சண்டையா? அதைவிட 500-ங்கற எண்ணைக் கவனிங்க. தமிழ்நாட்டில் ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினா, 101 முதல் 200 யூனிட் வரைக்கும் கிடைக்கிற மலிவு ரேட் போயிடும். அந்த ஒரே ஒரு யூனிட்டால் பில் 200 ரூபாய்க்கு மேல் எகிறும்!

அதனால, ரீடிங் எடுத்த 30-வது நாள் மீட்டரைப் பாருங்க. போன ரீடிங்கைக் கழிங்க. 250-ஐத் தாண்டியிருந்தா, ஏசியை 26-ல் வைங்க. பழைய ஃபேன் சுமார் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் சுமார் 30 வாட்தான். தினமும் 10 மணி நேரம் ஓடினா, ரெண்டு மாசத்தில் ஒரு ஃபேனுக்கே 27 யூனிட் மிச்சம்.

இன்க்ரிமென்ட் மேனேஜர் கையில். 500-க்குள்ள நிறுத்துறது நம்ம கையில்!