ஏட்டைத் தொலைத்த அண்ணாவி

"மாமா, நீங்க பழசிலயே நிக்கிறீங்க. அதான் உங்களுக்கு இது பிடிக்கல்ல."

சொன்னவன் என் அக்காவின் மகன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, பெறுபேறு வரும்வரை பொழுதைக் களுவாஞ்சிக்குடியில் எங்கள் வீட்டுக் கணினியில் கழிப்பவன். 'டிராகன் ஏஜ்: த வெய்ல்கார்ட்' கேமை அன்று காலைதான் முடித்திருந்தான். அவனுக்கு நன்றாகப் பிடித்திருந்தது. பிடிக்கட்டும், அதில் எனக்கு வழக்கில்லை. என் ஏமாற்றத்துக்கு அவன் சொன்ன காரணத்தில்தான் வழக்கு. ஏனென்றால் அது அவனுடைய சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை. உலகம் முழுக்க ஓடித் தேய்ந்த நாணயம். தொடர் கேமில் ஏமாந்த ரசிகன் மாற்றத்தைச் சகிக்காதவன், முதல் பாகத்தையே திரும்பவும் கேட்டு அழுகிற பிள்ளை என்று விமர்சகர்கள் எழுதுகிறார்கள். ரசிகர்களும் ஒருவரையொருவர் அதைச் சொல்லியே ஏசிக்கொள்கிறார்கள். கேட்பதற்கு நியாயம்போலத் தெரியும் சோம்பேறித்தனம் இது.

மாற்றம்தான் எங்கள் வியாதி என்றால் 2023 ஓகஸ்டில் நடந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது? 1998இலும் 2000இலும் வந்த 'பால்டர்ஸ் கேட்' முதல் இரண்டு பாகங்களையும் செய்தது கனடாவின் எட்மண்டனில் இருந்த பயோவேர். மூன்றாம் பாகத்தை இருபத்து மூன்று வருடம் கழித்துச் செய்தது பெல்ஜியத்து லேரியன். ஆட்கள் வேறு. சண்டை முறையும் வேறு: ஓடிக்கொண்டிருக்கும் சண்டையை நிறுத்தி நிறுத்திக் கட்டளையிட்ட இடத்தில், இப்போது தாயம் உருட்டி முறைவைத்து அடிக்க வேண்டும். தொடக்கத்தில் முணுமுணுப்பு இருந்தது. மறுகா? அந்த வருடத்தின் சிறந்த கேம் விருது வரை அந்த மூன்றாம் பாகம் போனது. தூக்கிக்கொண்டு போனவர்களில் பழைய ரசிகர்களும் இருந்தார்கள். 2010இல் 'மாஸ் எஃபெக்ட் 2' வந்தபோதும் அப்படித்தான். முதல் பாகத்தின் பொருள் மூட்டையை ஏறக்குறைய முழுதாக வெட்டி எறிந்து, துப்பாக்கிச் சண்டையையும் மாற்றியிருந்தார்கள். நாங்கள் தலையில் வைத்துக் கொண்டாடினோம்.

டிராகன் ஏஜ் ஒவ்வொரு பாகத்திலும் சட்டை மாற்றிய தொடர். 2009 நவம்பரில் வந்த 'ஒரிஜின்ஸ்'இல் நாயகனுக்குக் குரல் இல்லை. ஆறு பிறப்புக் கதைகளில் ஒன்றை நாம் தெரிவு செய்யலாம். (நான் விளையாடியது கல்முனையில் வாங்கிய டிவிடியில். அசலா நகலா என்று யாரும் கேட்க வேண்டாம்.) 2011இன் இரண்டாம் பாகத்தில் ஹோக் என்ற ஒரே மனிதப் பாத்திரம், அவனுக்குக் குரல், கதைக்கு ஒரே நகரம். 2014இன் 'இன்குவிசிஷன்' பரந்த வெளிகளைத் திறந்துவிட்டது. மூன்றிலும் எனக்குக் குறைகள் இருந்தன. ஆனாலும் மூன்றையும் ஒரே நூல் கட்டியிருந்தது.

அந்த நூலுக்கு லோகெய்ன் கதை ஒன்றே போதும். போர்க்களத்தில் மன்னனைக் கைவிட்டுப் படையைத் திருப்பிக்கொண்டு போன தளபதி அவன். முதல் பாகத்தின் கடைசிப் பகுதியில், பிரபுக்கள் சபை நடுவே, அவனைக் கொல்வதா விடுவதா என்ற முடிவு நம் கையில் வரும். விட்டால் அவன் நம் படையில் சேருவான். கூடவே இருந்த அலிஸ்டர் வெறுத்துப்போய் வெளியேறக்கூடும். சரி, போகட்டும் என்று நினைத்து ஆட்டத்தை முடிப்போம். இரண்டு வருடம் கழித்து இரண்டாம் பாகத்தில், வேறு நாட்டு ஊரொன்றின் சாராயக்கடையில், ஒருவன் குடித்துவிட்டுப் புலம்பிக்கொண்டிருப்பான். அலிஸ்டர். அவனை அங்கே கொண்டுபோய் இருத்தியது நான்தான் என்று கேம் எனக்கு விளக்கம் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை. மூன்றாம் பாகத்தில், நாம் உயிரோடு விட்டிருந்தால், லோகெய்ன் கிழவனாக எதிரே வந்து நிற்பான். அவனா ஹோக்கா, ஒருவரைப் பின்னால் விட்டுவிட்டு வரச் சொல்வார்கள். 2009இல் சுட்டியால் தட்டிய ஒரு தட்டுக்கு 2014இல் கணக்குக் கேட்கிறார்கள். அந்த இடத்தில் நான் எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

பழசில் நிற்கிறவன் என்ற பட்டம் மட்டக்களப்பானுக்கு இன்னும் வேடிக்கையானது. நாங்கள் கூத்துப் பார்த்து வளர்ந்தவர்கள். பட்டிருப்புப் பாலத்தைக் கடந்தோ, குருமண்வெளியில் பாதை எனும் மிதவையேறி மண்டூர்ப் பக்கம் போயோ, படுவான்கரையில் விடிய விடிய விழித்திருந்தவர்கள். எங்களுக்குக் கதை முன்பே தெரியும். கர்ணன் சாவான் என்று தெரிந்துதான் பாய் கொண்டு போகிறோம். கூத்தைப் பழக்கும் அண்ணாவியாருக்கு அண்ணாவியார் ஆட்டமும் தாளமும் கொஞ்சம் மாறும், உடுப்பு மாறும், இப்போது மின்விளக்கு. அறுபதுகளில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் விடியும்வரை ஆடிய கூத்தைப் பேராதனையில் ஒன்றரை மணித்தியாலம் அளவுக்குச் சுருக்கி, வட்டக்களரியிலிருந்து படச்சட்ட மேடைக்கு ஏற்றினார். சி. மௌனகுருவின் 'இராவணேசன்' அந்த வழியில் வந்தது. அதைவிடப் பெரிய மாற்றம் எந்தக் கேமில் நடந்தது?

ஆனால் ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். இரவு பத்து மணிக்குக் களரியில் கர்ணன் குந்திக்கு வாக்குக் கொடுக்கிறான்: நாகாஸ்திரத்தை இரண்டாம் முறை தொடுக்க மாட்டேன் என்று. விடியப்புறம் போரில் அவன் அதை மீண்டும் எடுத்துத் தொடுக்கிறான், கேட்பாரில்லை. சபை சும்மா இருக்குமா? பாக்குவெட்டியைக் கீழே வைத்துவிட்டு முதலில் எழும்புவது எங்கள் கிழவிகளாகத்தான் இருக்கும். களரி நடுவே மத்தளத்தோடு அண்ணாவியாரும், ஏடு பார்க்கிறவரும் பிற்பாட்டுக்காரரும் நிற்பது எதற்கு? ஆடுகிறவன் ஒரு வரியை விட்டால் எடுத்துக் கொடுக்க. ஏடு தொலைந்துபோனால் எவ்வளவு புதிய உடுப்புப் போட்டு ஆடினாலும் அது கூத்தாகாது.

இந்த இடத்தில் என் சக ரசிகர்களோடும் எனக்கு ஒரு சண்டை உண்டு. டிராகன் ஏஜ் இரண்டாம் பாகத்தைக் கேலிசெய்ய அவர்கள் எடுக்கும் ஆயுதம் குகை. அவசரமாகச் செய்து முடித்த கேம் அது. ஒரே குகையை வாசலை மட்டும் அடைத்தும் திறந்தும் பத்து இடமாகக் காட்டினார்கள். உண்மைதான். ஆனால் வட்டக்களரியில் ஒரே மண்தான் அத்தினாபுரம், அதுவே வனம், அதுவே குருசேத்திரம். அதைக் குறையென்று சொன்னவரை நான் கண்டதில்லை. குகை திரும்ப வந்தது. ஆனாலும் சாராயக்கடையில் அலிஸ்டர் இருந்தானே! என்னைக் கேட்டால் அந்தப் பாகம் தன் பெயருக்கு மேல் நல்ல கேம். இதைச் சொல்லிச் சில நட்புகளை இழந்திருக்கிறேன்.

இனி 2024 ஒக்டோபர் 31இல் வந்த வெய்ல்கார்ட். பத்து வருடக் காத்திருப்பு. இடையில் அதைக் கூட்டாக ஆடும் இணையக் கேமாக மாற்றப் பார்த்து, மீண்டும் தனியாள் கேமாகத் திருப்பிய கதையும் உண்டு. தொடங்கும்போது கடந்த காலத்தைப் பற்றி நம்மிடம் மூன்றே மூன்று கேட்கிறார்கள், மூன்றும் முந்திய பாகத்தைப் பற்றியவை: யாரைக் காதலித்தாய், உன் படையைக் கலைத்தாயா, கூட இருந்து பிரிந்த சோலாஸைத் தடுப்பதாகச் சபதமிட்டாயா மீட்பதாகவா. அவ்வளவுதான். லோகெய்னை விட்டேனா கொன்றேனா என்று கேட்க ஆளில்லை. சிம்மாசனத்தில் நான் இருத்தியவர் யார் என்பதும் போயிற்று. முதல் பாகத்தில் கூட வந்த சூனியக்காரி மோரிகன் நேரிலேயே வருகிறாள். அவளுக்கு மகன் பிறந்தானா இல்லையா என்பது முதல் பாகத்தின் முக்கியமான முடிச்சு, அதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. நாங்கள் மூன்று பாகங்களாகக் காத்த தெற்கு நாடு அழிந்துகொண்டிருப்பதாகக் கடிதங்களில் செய்தி வருகிறது. மரணச் செய்தியைத் தபாலட்டையில் அனுப்புவதுபோல.

இதற்குச் சமாதானம் உண்டு, அதில் பாதி நியாயமும் உண்டு. கதை வடக்குக்குப் போய்விட்டது. ஒவ்வொரு தெரிவையும் சுமந்தால் செலவு கட்டாது என்கிறார்கள். இரண்டு வழியுள்ள தெரிவு மூன்றென்றால் உலகம் எட்டு, பத்தென்றால் 1,024. எல்லாவற்றுக்கும் தனித்தனிக் கதை எழுத ஆருக்கும் ஏலாது. ஆனால் கேட்டது தனிக்கதை இல்லையே, ஒள்ளுப்பம் ஞாபகம். சாராயக்கடையில் ஒரு குடிகாரன். 1998இல் ஜப்பானியர்கள் 'சுய்கோடென் 2'இல் இதைச் செய்து காட்டினார்கள்: முதல் பாகத்தின் சேவ் உங்களிடம் இருந்தால் பழைய நாயகன் வந்து கூடச் சேருவான். அந்தச் சேவ் இருந்த பிளேஸ்டேஷன் அட்டையின் மொத்தக் கொள்ளளவு 128 கிலோபைட். வெய்ல்கார்டுக்குக் கணினியில் 100 ஜிகாபைட் இடம் ஒதுக்கச் சொன்னார்கள்.

2012 மார்ச்சில் 'மாஸ் எஃபெக்ட் 3' முடிவுக்கு எதிராக ரசிகர்கள் எழும்பியபோதும் இதே ஏச்சுத்தான்: செல்லம் கொடுத்துக் கெட்ட பிள்ளைகள். அந்தப் பிள்ளைகள் தங்கள் எதிர்ப்பின் பெயரால் நோயுற்ற சிறுவர்களுக்கான அறநிதிக்குச் சுமார் 80,000 டொலர் சேர்த்துக் கொடுத்தார்கள். அவர்களுடைய முறைப்பாட்டை வாசித்தால் 'பழையபடி செய்' என்பது அதில் இருக்காது. மூன்று பாகங்களாக நாங்கள் எடுத்த முடிவுகள் கடைசிப் பத்து நிமிடத்தில் எங்கே போயின என்பதுதான் கேள்வி. கேமைச் செய்த கம்பனி ஜூனில் முடிவை நீட்டி இலவசமாகக் கொடுத்தது. கேள்வியில் ஒன்றுமில்லை என்றால் அதை ஏன் கொடுக்க வேண்டும்?

'பழமைவாதி' என்ற பட்டத்தால் வரும் உண்மையான கேடு, தவறு நடந்த இடத்தை அது மறைத்துவிடுவது. 2025 ஜனவரியில், வெய்ல்கார்டை ஆடியவர்கள் ஏறத்தாழ 15 இலட்சம், அது எதிர்பார்த்ததில் பாதியளவு குறைவு என்று அதை வெளியிட்ட கம்பனியான இ.ஏ. அறிவித்தது. அடுத்த மாதம் இ.ஏ.யின் தலைவர் அன்ட்ரூ வில்சன், ஆட்டக்காரர்கள் இப்போது கூடிப் பகிர்ந்து ஆடும் உலகங்களையும் தேடுகிறார்கள் என்ற பொருளில் பேசினார். பாருங்கள், கர்ணன் வாக்கை மறந்ததற்குச் சபை கலைந்து போகிறது. கூத்துப் போட்டவர் களரியைப் பெரிசாக்க வேண்டும் என்கிறார்.

இவ்வளவையும் மருமகனுக்குச் சொல்லி முடிப்பதற்குள் அவன் தொலைபேசிக்குள் போய்விட்டான். பேசி வெல்லாமல் ஒரிஜின்ஸை அவனுடைய கணக்கில் ஏற்றிக் கொடுத்தேன். படம் பழசு, முகமெல்லாம் மெழுகு என்று சிரித்துக்கொண்டுதான் தொடங்கினான். மூன்றாம் கிழமை ஒரு பின்னேரம் கூப்பிட்டான். பிரபுக்கள் சபை. லோகெய்ன் முழங்காலில். சுட்டியில் வைத்த விரல் அசையவில்லை.

"இவன விட்டா மறுகா வருவானா, மாமா?"

"மூண்டாவதில ஆளாவே வருவான்."

"நாலாவதில?"

"தேத்தண்ணி ஆறுது மனே, குடி."