விஞ்ஞான விளக்கம்: நூற்றுக்கு எத்தனை ஒளி?



சென்ற ஞாயிறன்று ஊரிலிருக்கும் என் தாயாருடன் கைபேசியில் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தேன். கண்ணைப் பரிசோதித்த வைத்தியர் என்ன சொன்னார் என்பதை அவர் கூறத் தொடங்கிய வேளையில் பாட்டரி தீர்ந்து திரை இருண்டுவிட்டது. அரை மணி நேரம் கழித்தே மீதியைக் கேட்க முடிந்தது. கண்புரைதானாம், அறுவை செய்தால் சரியாகுமாம். அந்த அரை மணி நேரத்தில் நான் பட்ட கவலையை, பிறந்த ஊரை விட்டு வாழும் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அப்போது ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் புதல்வன், "இந்தத் திரை அவ்வளவு மின்சாரத்தையா விழுங்குகிறது, அப்பா?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன விடையே இம்மாதக் கட்டுரை.

இன்றைய கைபேசிகள் பலவற்றின் திரை, கரிமப் பொருள்களாலான ஒளி உமிழ் டயோடுகளால் ஆனது. ஓ.எல்.இ.டி. என்று கடைக்காரர் சொல்வது இதைத்தான். இரண்டு மின்வாய்களுக்கு நடுவே, தலைமயிரின் பருமனில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான படலங்கள் இருக்கின்றன. ஒரு புறமிருந்து எலெக்ட்ரான்களும், மறுபுறமிருந்து எலெக்ட்ரான் இல்லாத இடங்களாகிய 'துளை'களும் வருகின்றன. இரண்டும் கூடுமிடத்தில் ஒளி பிறக்கிறது.

1987-ல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் ஆகிய இருவரும், துளைகளுக்கு ஒரு படலம், எலெக்ட்ரான்களுக்கு ஒரு படலம் என்று இரண்டை அடுக்கினர். பத்து வோல்ட்டுக்கும் குறைந்த மின்னழுத்தத்தில் நல்ல ஒளி கிடைத்தது. 1990-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தார் பாலிமர் ஒன்றையும் அவ்வாறே ஒளிரச் செய்தனர். ஆயினும் கோடாக் கருவியில் நூறு எலெக்ட்ரான்களைச் செலுத்தினால், வெளியே வந்த ஒளித்துகள் ஏறக்குறைய ஒன்றே!

ஏற்றிய மூட்டை எத்தனை, இறங்கியது எத்தனை என்று கணக்குப் பார்ப்பது இரயில்வேயில் என் தொழில். இதையும் அவ்வாறே பார்ப்போம். முதலாவதாக, எலெக்ட்ரானும் துளையும் சரிசமமாக வந்து சேர வேண்டும். ஒன்று மிகுந்தால் அது துணையின்றி வீணாகும். நூறும் குறைவின்றி இணைந்தன என்றே கொள்வோம். இயற்கை விதிப்படி அவற்றில் 25 மட்டுமே 'ஒற்றை நிலை' எய்தும். மற்ற 75-உம் 'மும்மை நிலை' எய்தும். சாதாரணக் கரிமப் பொருளில் ஒற்றை நிலையே ஒளி தரும். மும்மை நிலை பெரும்பாலும் வெப்பமாய் ஒழியும். எஞ்சிய 25-லும் ஐந்தில் ஒரு பங்கே வெளியேறும். மற்றவை படலத்துக்குள்ளும் கண்ணாடிக்குள்ளும் திரும்பத் திரும்ப எதிரொளித்துச் சிறைப்படும். ஆக, எல்லாம் செம்மையாக நடந்தாலும் நூற்றுக்கு ஐந்துதான்!

இந்த நஷ்டத்தை விஞ்ஞானிகள் ஒவ்வொன்றாக எதிர்கொண்டனர். 1998-லும் 1999-லும் ஸ்டீபன் ஃபாரஸ்ட், மார்க் தாம்ப்சன் குழுவினர் பிளாட்டினம், இரிடியம் ஆகிய கன உலோகங்களைக் கொண்ட மூலக்கூறுகளைக் கலந்து, மும்மை நிலையையும் ஒளிரச் செய்தனர். 25 என்ற எல்லை ஏறக்குறைய நூறாயிற்று. இரிடியமோ அரிய உலோகம். 2012-ல் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் சிஹாயா அடாச்சி குழுவினர் அந்த உலோகமின்றியே வழி கண்டனர். இரு நிலைகளுக்கும் இடையேயுள்ள ஆற்றல் வேறுபாடு மிகச் சிறிதாயிருக்கும் மூலக்கூறை அமைத்தால், அறையின் வெப்பமே மும்மை நிலையை ஒற்றை நிலைக்கு ஏற்றிவிடும். சிறைப்பட்ட ஒளியை மீட்கக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் நுண்ணிய வில்லைகளைப் பதிக்கும் முறையும் உண்டு.

இன்னும் தீராத தொல்லை நீல நிறம். அதற்கு ஆற்றல் மிகுதியாக வேண்டும்; அந்த ஆற்றலே மூலக்கூறைச் சிதைக்கிறது. ஆதலால் சிவப்பிலும் பச்சையிலும் புதிய முறை வந்த பின்பும், கடைத்திரைகளில் நீலத்துக்குப் பெரும்பாலும் பழைய முறையே நெடுங்காலம் நீடித்தது. ஒரே படம் நாட்கணக்கில் நின்ற திரையில் அதன் நிழல் படிந்துவிடுவதும் இம்மூப்பினால்தான்.

ஆகவே நேயர்களே, திரையின் பிரகாசத்தைத் தேவைக்கு மேல் ஏற்றாதீர்கள். பாட்டரியும் நிற்கும், திரையும் நாள்பட உழைக்கும். நானும் என் மகனும் அவ்வாறே செய்துவிட்டோம். அடுத்த மாதம் தாயாருக்கு அறுவை. அன்று பேச்சு நடுவில் அறுபடலாகாது.