படம் பார்த்தோம், பேசினோமா?

விருது பெற்ற ஒரு திரைப்படத்தைப் பார்த்த பின் "எப்படி இருந்தது?" என்று யாராவது கேட்டால், எங்களில் பெரும்பாலோர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "நல்ல படம்." இன்னும் கேட்டால் "மனதைத் தொட்டது", "யதார்த்தமாக இருந்தது" என்போம். இவை எங்கள் சொற்களா, எங்கேயோ வாசித்த விமர்சனத்தின் சொற்களா என்று யோசிப்பதில்லை. படம் பிடிக்காவிட்டாலும் அப்படியே சொல்லி வைப்போம். உலகமே பாராட்டிய படம் பிடிக்கவில்லை என்றால் எமக்கு ரசனை இல்லை என்று நினைத்துவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம்.

இந்தப் பழக்கத்தால் நாம் இழப்பது அதிகம் என்று நான் நினைக்கிறேன். எங்கள் வீட்டில் பார்த்த ஓர் ஈரானியப் படத்தைக் கொண்டு இதை விளக்க விரும்புகிறேன்.

மஜீத் மஜீதி இயக்கிய 'சில்ட்ரன் ஒஃப் ஹெவன்' 1997ஆம் ஆண்டில் வந்தது. சிறந்த பிறமொழிப் படத்துக்கான ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதலாவது ஈரானியப் படம் இதுவே. அவ்வாண்டு விருது இத்தாலியின் 'லைஃப் இஸ் பியூட்டிஃபுல்' படத்துக்குக் கிடைத்தது. கதை மிகச் சிறியது. தெஹ்ரான் நகரின் ஏழைக் குடும்பத்துச் சிறுவன் அலி, தங்கை ஸஹ்ராவின் சப்பாத்தைத் தைப்பித்துக்கொண்டு வரும் வழியில் மரக்கறிக் கடையில் அதைத் தொலைத்துவிடுகிறான். தாய் சுகவீனமாக இருக்கிறாள். வீட்டு வாடகை பல மாதங்களாகப் பாக்கி. தகப்பனிடம் சொல்லத் துணிவில்லை. எனவே அலியின் ஒரு சோடிச் சப்பாத்தையே இருவரும் மாற்றி மாற்றி அணிகிறார்கள். காலையில் அவள் பாடசாலைக்குப் போய் வருவாள், பிறகு அவன் அதை மாட்டிக்கொண்டு ஓடுவான். ஓர் ஓட்டப் போட்டியில் மூன்றாம் பரிசு சப்பாத்து என்று கேள்விப்பட்டு அலி கலந்துகொள்கிறான். ஆனால், முதலாவதாக வந்துவிடுகிறான்.

சென்ற விடுமுறையில் ஓரிரவு வீட்டில் எல்லோரும் இதைப் பார்த்தோம். ஒரே படத்தைத்தான் பார்த்தோம், ஆனால் ஆளுக்கொரு இடத்தில் நின்று பார்த்தோம் போலிருந்தது.

தங்கை கடைசிக் கட்டத்தில் எழுந்து நின்று "மெதுவா ஓடு, மெதுவா ஓடு!" என்று கத்தினாள். முதலிடம் வந்தவனுக்காக அழுத ஒரே ரசிகை அவளாகத்தான் இருப்பாள் என்று நாங்கள் சிரித்தோம். பிறகு பார்த்தால் படத்தில் அலியும் அழுதுகொண்டுதான் இருந்தான்.

உம்மம்மாவுக்குக் கோபம். "வாப்பாட்ட சொன்னா என்ன? ஒரு ஏச்சு ஏசுவாரு, அவ்வளவுதானே. புள்ளயள் இப்பிடிப் பயப்புட்ற மாதிரி வீட்ட வெச்சிரிக்கிறது ஆருட பிழை?" என்று கேட்டார்.

உம்மா வேறொரு காட்சியில் நின்றுவிட்டார். பள்ளிவாசலுக்குரிய சீனிக் கட்டிகளை அலியின் தகப்பன் வீட்டில் இருந்து உடைத்துக்கொண்டிருக்கிறார். ஸஹ்ரா கொண்டுவரும் தேநீருக்குச் சீனி இல்லை. முன்னால் இவ்வளவு சீனி இருக்கிறதே என்று அவள் கேட்க, அது பள்ளிக்குரியது, எங்களை நம்பித் தந்தது என்று மறுக்கிறார். உம்மா அதைப் பார்த்துவிட்டு மெதுவாக, "அமானிதம்" என்று மட்டும் சொன்னார். வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் பலமுறை கேட்ட சொல்தான் அது. ஆனால் அன்று, அந்தச் சீனியில் ஒரு கட்டியைக்கூட எடுக்காத மனிதர் ஒருவரைக் கண்முன்னே பார்த்தோம்.

வாப்பா கடை பூட்டிவிட்டு வந்தபோது படம் கால்வாசிதான் மீதம் இருந்தது. இறுதியில் அலி கொப்புளம் போட்ட கால்களை முற்றத்துத் தடாகத்தில் வைக்கிறான், பொன்மீன்கள் வந்து சூழ்கின்றன. நாங்கள் எல்லோரும் பாவம், சப்பாத்துக் கிடைக்கவே இல்லையே என்று பேசிக்கொண்டிருந்தோம். வாப்பா கேட்டார்: "சைக்கிள்ல இருந்தத நீங்க பாக்கல்லயா?"

திருப்பிப் போட்டுப் பார்த்தோம். தகப்பன் வீடு திரும்பும் சைக்கிளில், வாங்கிய சாமான்களோடு புதிய சப்பாத்துகள் இருக்கின்றன. சில விநாடிகளே வரும் காட்சி. ஆரம்பத்திலிருந்து பார்த்த நான்கு பேருக்கும் தெரியாதது, பாதியில் வந்தவருக்குத் தெரிந்திருக்கிறது. வேலை முடிந்து கையில் எதையாவது கொண்டு வீட்டுக்கு வரும் மனிதரின் கண் அது.

பாடசாலை தொடங்கியதும் தோழிகளுடன் இதைப் பேசினேன். ஒருத்தி துணிந்து சொன்னாள்: "எனக்கு அலுப்பாக இருந்தது. ஒன்றரை மணித்தியாலமாக ஒரு சோடிச் சப்பாத்து. ஒரு வில்லன்கூட இல்லை." எல்லோரும் அவளைக் கேலி செய்தார்கள். ஆனால் அவள் சொன்னது உண்மை, அந்தப் படத்தில் கெட்டவர் என்று யாருமே இல்லை. தொலைந்த சப்பாத்தை வேறொரு மாணவியின் காலில் கண்டு அலியும் ஸஹ்ராவும் அவள் வீடு வரை பின்தொடர்கிறார்கள். அவளுடைய தகப்பன் கண் தெரியாதவர் என்பதைக் கண்டதும் எதுவும் கேட்காமல் திரும்பி வருகிறார்கள். அவளுக்கு அலுப்பைத் தந்த அதே விடயம்தான் எனக்குப் படத்தின் பலமாகத் தெரிந்தது. அவள் சொல்லாவிட்டால் அதை நான் கவனித்திருக்கவே மாட்டேன்.

இன்னொருத்தியின் கேள்வி இன்னும் கூர்மையானது. "தொலைந்தது தங்கையின் சப்பாத்து. போட்டியும் கைதட்டலும் மட்டும் அண்ணனுக்கா?" நான் அலிக்காகப் பரிந்து பேசத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டேன். ஸஹ்ராவும் ஓடுகிறாள். அளவில்லாத பெரிய சப்பாத்தோடு, அண்ணனுக்குப் பிந்திவிடக் கூடாதே என்று பாடசாலை விட்டதும் சந்துகளில் ஓடுகிறாள். ஒரு நாள் சப்பாத்தொன்று கழன்று கானில் விழுந்து தண்ணீரோடு போக, அதன் பின்னாலும் ஓடுகிறாள். அந்த ஓட்டத்துக்குப் பரிசு இல்லை, படம் பிடிக்க எவரும் நிற்கவும் இல்லை. எத்தனையோ வீடுகளில் பெண்பிள்ளைகளின் ஓட்டம் இப்படித்தான் இருக்கிறது என்று அன்று எங்கள் வகுப்பில் பேசினோம்.

இவற்றில் எது சரியான கருத்து? எனக்குத் தெரிந்தவரை, எல்லாக் கருத்தும் ஒரே மதிப்புடையவை அல்ல. "பிடித்தது", "பிடிக்கவில்லை" என்பதோடு நின்றுவிடும் கருத்தால் பயன் குறைவு. எந்தக் காட்சியில், ஏன் என்று சொல்லும்போதே மற்றவர் அதோடு உடன்படவோ முரண்படவோ முடியும். உம்மம்மாவின் கோபமும் தோழியின் அலுப்பும் விருதுகளுக்கு மரியாதை காட்டவில்லை. ஆனால் இரண்டும் படத்துக்குள்ளிருந்து பிறந்தவை. "மனதைத் தொட்டது" என்ற என் சொல்லில் படமும் இருக்கவில்லை, நானும் இருக்கவில்லை.

உண்மையில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் நான் ஒன்றை ஒளித்து வைத்திருந்தேன். படம் பார்த்த அன்று, கல்விச் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும்படி தந்த கடிதம் விடுமுறைக்கு முன்பிருந்தே என் பைக்குள் கிடந்தது. கடையில் வியாபாரம் மந்தம் என்று தெரியும். வாப்பாவிடம் கேட்கக் கூடாது என்று நானே முடிவு செய்திருந்தேன். வாப்பா அருகில் இருக்கையில் அலியும் ஸஹ்ராவும் சத்தமில்லாமல் கொப்பியில் எழுதி எழுதிப் பேசிக்கொள்ளும் காட்சியில், அலி நானேதான் என்று பெருமைப்பட்டேன். உம்மம்மாவின் கோபமும் வாப்பாவின் கேள்வியும் அந்தப் பெருமையைக் குலைத்துவிட்டன. பிள்ளைகள் மறைத்தது தகப்பனின் பாரத்தைக் குறைக்கவில்லை. அவர் பங்கை அவர் செய்வதற்கு இடமில்லாமல்தான் செய்தது.

மறுநாள் காலை கடிதத்தைக் காட்டினேன். வாப்பா இருமுறை வாசித்தார். "இந்த முற ஏலாது மகள். முந்தியே சொல்லியிருந்தா பாத்திருக்கலாம்" என்றார். நான் சுற்றுலாவுக்குப் போகவில்லை. கவலை இருந்தது, இப்போதும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் "ஏலாது" என்று சொன்னது வாப்பா. அவருக்காக நான் சொல்லிக்கொண்டதல்ல. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் பணத்தைப் பற்றிப் பேசுவது முன்பைவிடச் சற்று இலகுவாகியிருக்கிறது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். எந்தப் படம் பிள்ளைகளுக்குப் பொருத்தம் என்று தெரிவு செய்வது உங்கள் பொறுப்பு, அதை யாரும் மறுக்கவில்லை. படமே வேண்டாம் என்று தீர்மானித்த வீடுகளின் பேணுதலையும் மதிக்கிறேன். ஆனால் கைப்பேசி வந்த பிறகு பல வீடுகளில் பிள்ளைகள் தனித்தனி மூலைகளில், காதில் கருவியை மாட்டிக்கொண்டு பார்க்கிறார்கள். என்ன பார்த்தார்கள் என்று கேட்கிறோம். பார்த்ததைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்று கேட்பதில்லை. மாதத்தில் ஒரு நாளாவது ஒரு நல்ல படத்தை அவர்களோடு இருந்து பாருங்கள். முடிந்ததும் உடனே படிப்பினை சொல்லத் தொடங்காமல், அவர்கள் எந்த இடத்தில் அழுதார்கள், எந்த இடத்தில் கோபப்பட்டார்கள் என்று கேளுங்கள். நேரே கேட்டால் வராத பதில் சில வேளை அந்த வழியால் வரும்.

மாணவியருக்கும் ஒன்று. அடுத்த முறை யாராவது "படம் எப்படி?" என்று கேட்டால், "நல்ல படம்" என்று முடித்துவிடாதீர்கள். ஒரு காட்சியைச் சொல்லுங்கள். அது உங்களை ஏன் விடவில்லை என்றும் சொல்லுங்கள்.