செய்தி மேசைக்கு வரும் காணொளி

2023 மார்ச் தொடக்கத்தில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகச் சொல்லும் காணொளிகள் வட மாநிலங்களில் பரவின. அவற்றில் ஒன்று ராஜஸ்தானின் ஜோத்பூரில் நடந்த கொலை, இன்னொன்று ஹைதராபாத்தில் நடந்தது. கோவைக் காட்சி உள்ளூர்க்காரர்களுக்கு இடையிலான மோதல். திருப்பூர்க் காட்சி வடமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட சண்டை. ஹோலிக்கு ஊர் திரும்புவோரின் கூட்டம்கூட உயிருக்கு அஞ்சி ஓடுவோரின் கூட்டமாகச் சொல்லப்பட்டது. தமிழ்நாட்டின் அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு மறுப்பு வெளியிட்ட பிறகும் விவகாரம் பீகார் சட்டமன்றம் வரை சென்றது. அங்கிருந்து அதிகாரிகள் குழு ஒன்று தமிழ்நாட்டுக்கு வந்தது.

பத்திரிகைத் துறைக்கு இதில் வலிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. வதந்தியை இந்தி நாளிதழ் ஒன்றும் செய்தியாக வெளியிட்டது. அதன் ஆசிரியர் மீது தமிழ்நாடு காவல்துறை வழக்குப் பதிந்தது. திருப்பூரில் ஒரு காவல் நிலையம், ஒரு பின்னலாடை நிறுவனம், தொழிலாளர் தங்கும் விடுதி ஒன்று ஆகிய மூன்று இடங்களில் விசாரித்திருந்தாலே ஐயம் எழுந்திருக்கும். வாசகர் நாளிதழுக்குக் காசு கொடுப்பதே அந்த விசாரிப்புக்காகத்தான்.

விசாரிப்பு இல்லாத இடத்தில் உயிரே போகிறது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலைத் தேடி வந்த சென்னை மூதாட்டி ஒருவர் பிள்ளை பிடிப்பவர் என்ற சந்தேகத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். அந்த ஆண்டு நாடெங்கும் இத்தகைய அச்சத்தைக் கிளப்பிய காணொளிகளில் ஒன்று, கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விளம்பரப் படம். குழந்தை திரும்ப ஒப்படைக்கப்படும் இறுதிப் பகுதியை யாரோ வெட்டியிருந்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் வாட்ஸ்அப், இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி வரம்பு வைத்தது. வரம்பு வேகத்தைக் குறைத்தது. உள்ளடக்கம் மெய்யா என்று பார்க்கும் வேலை அப்படியே கிடந்தது.

சமூக ஊடகத்தின் பயனைக் குறைத்து மதிப்பிடவும் முடியாது. 2015 சென்னை வெள்ளத்தின்போது, டிசம்பர் 2 அன்று, பணியாளர்கள் மறைமலை நகர் அச்சகத்தை அடைய முடியாததால் ‘தி இந்து’ சென்னைப் பதிப்பு வெளிவரவில்லை. 1878இல் தொடங்கிய இதழுக்கு அப்படி நேர்ந்தது அதுவே முதல் முறை. அந்த நாட்களில் எந்தத் தெருவில் யார் சிக்கியிருக்கிறார், எங்கே படகு கிடைக்கும், எந்த மண்டபத்தில் சோறு இருக்கிறது என்பதையெல்லாம் ட்விட்டரும் வாட்ஸ்அப்பும்தான் சுமந்தன. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன, நாசா பெரும் மழையை முன்னறிவித்தது போன்ற வதந்திகளும் அதே வழியாகத்தான் வந்தன. தொலைபேசி எண்ணோடு வந்த உதவிக் கோரிக்கையைத் தன்னார்வலர்கள் அழைத்துப் பார்த்து உறுதிசெய்ய முடிந்தது. யார் சொன்னது என்றே தெரியாத வதந்திக்கு அந்த வழியும் இல்லை.

ஆகவே மேசைக்கு ஒரு காணொளி வந்தால் முதல் கேள்வி, எடுத்தவர் யார் என்பது. வாட்ஸ்அப் வழி வந்த கோப்பில் நாளும் இடமும் பெரும்பாலும் அழிந்திருக்கும். எனவே அசல் கோப்பைக் கேட்டுப் பெற வேண்டும். கிடைக்காவிட்டால் காட்சியைச் சட்டகம் சட்டகமாகப் பிரித்துப் படத்தேடலில் இட்டால், பழைய பதிவு பல நேரங்களில் அகப்படும். கடைப் பலகையின் எழுத்து, வண்டி எண்ணின் மாநிலக் குறியீடு, பின்னணியில் கேட்கும் பேச்சு, காவலரின் சீருடை ஆகியவை ஊரைக் காட்டிக்கொடுக்கும். கடைசியாக, அந்த ஊர் நிருபர் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். செலவைக் குறைக்க மாவட்ட நிருபர்களை நீக்கும் நிறுவனங்கள் இழப்பது இந்தக் கடைசிப் படியை. மென்பொருளால் அதை ஈடுகட்ட முடியாது.

இத்தனைக்குப் பிறகும் பிழை நேரும். பிழையைத் தாமதமின்றி, உரிய முக்கியத்துவத்துடன் திருத்த வேண்டும் என்று இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலின் நடத்தை நெறிகள் கூறுகின்றன. முதல் பக்கச் செய்திக்கான திருத்தம் உள்பக்க மூலையில் ஒதுங்குவது இன்றும் வழக்கமாக இருக்கிறது. இணையப் பதிப்பிலோ தவறான பத்தி ஓசையின்றி மாற்றப்படுகிறது. எது, எப்போது, ஏன் மாற்றப்பட்டது என்ற குறிப்பு அந்தச் செய்தியின் தலைப்புக்குக் கீழேயே இருக்க வேண்டும். பழைய வடிவத்தைச் சமூக ஊடகத்தில் பகிர்ந்த அதே கணக்கில் திருத்தமும் வெளியாக வேண்டும்.